கார் இரவில் எங்கே நிற்கிறது?

கார் வாங்கியவரிடம் நம்மவர்கள் முதலில் கேட்பது நிறத்தையோ விலையையோ அல்ல, மைலேஜைத்தான். லண்டனுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் கோயில் வாசலிலும் பிறந்தநாள் விருந்திலும் அதே கேள்விதான் ஓடுகிறது. பிளக்-இன் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களிடம் மட்டும் இதற்கு நேரான பதில் கிடைக்காது. ஒருவர், "பெட்ரோல் பங்க் பக்கம் போயே மாதக்கணக்காகிறது" என்பார். அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவர், "இதற்கு என் பழைய டீசல் காரே தேவலை" என்று அலுத்துக்கொள்வார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஷோரூம் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் நம்ப முடியாது.

பிளக்-இன் ஹைப்ரிட் என்பது ஒரே உடம்பில் இரண்டு கார். பெட்ரோல் இன்ஜின், டேங்க், கியர்பாக்ஸ், சைலன்சர் எல்லாம் இருக்கும். அவற்றோடு பெரும்பாலும் 12 முதல் 20 யூனிட் வரை கொள்ளும் ஒரு பேட்டரி, ஒரு மோட்டார், சார்ஜ் செய்ய ஒரு துளை. முதல் 30, 40 மைல் மின்சாரத்தில் ஓடும். அது தீர்ந்ததும் இன்ஜின் எழுந்துகொள்ளும். முழு மின்காரில் இன்ஜின் கிடையாது, பேட்டரி மட்டும் 50, 60, 80 யூனிட் என்று பெரிதாக இருக்கும்.

சோதனைக்கூடத்தில் பிளக்-இன் ஹைப்ரிட்டை இரண்டு விதமாக ஓட்டிப் பார்க்கிறார்கள். பேட்டரி நிரம்பிய நிலையில் தொடங்கி அது காலியாகும்வரை ஒரு ஓட்டம். காலிப் பேட்டரியோடு இன்னொரு ஓட்டம். இரண்டு விடைகளையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மின்சாரத்தில் 60 கிலோமீட்டர் ஓடக்கூடிய கார் என்றால், அதன் மொத்த ஓட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரத்தில்தான் நடக்கும் என்று ஐரோப்பியச் சூத்திரம் வைத்துக்கொண்டது. வேலையிலிருந்து வந்ததும் எல்லோரும் சமர்த்தாகக் கேபிளை எடுத்துச் செருகுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய சூத்திரம் அது.

நம்பிக்கை பொய்த்ததற்குச் சாட்சி சொன்னது கார்களேதான். 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரும் தான் உண்மையில் எரித்த எரிபொருளைத் தனக்குள்ளேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் விளம்பர எண்ணைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகமாக எரித்திருந்தன. அது யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். பிளக்-இன் ஹைப்ரிட்கள் எரித்திருந்தது சராசரியாக மூன்றரை மடங்கு. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும், வாகனப் புகையை ஆராயும் ஐசிசிடி அமைப்பும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு முன்பே காரணத்தைக் காட்டியிருந்தது. சொந்தக் காராக வைத்திருப்பவர்கள் 45 முதல் 49 சதவீத தூரத்தை மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள். அலுவலகம் கொடுத்த காரை ஓட்டுபவர்கள் 11 முதல் 15 சதவீதம்தான்.

இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் அலுவலகக் கார் ஓட்டியதில்லை என்று அர்த்தம். எனக்கு அலுவலகம் வழியாகக் குத்தகைக்கு வந்த முதல் கார் பிளக்-இன் ஹைப்ரிட்தான். கூடவே பெட்ரோல் அட்டை ஒன்றும் வந்தது. அட்டையை நீட்டினால் பெட்ரோல் காசு அலுவலகக் கணக்கு. வீட்டில் செருகினால் மின்கட்டணம் என் கணக்கு. திரும்பக் கேட்டு வாங்கப் படிவம் நிரப்ப வேண்டும். மழை பெய்யும் நவம்பர் இரவில், குழந்தை பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, டிக்கியிலிருந்து ஈரக் கேபிளை இழுத்து என் காசில் சார்ஜ் போட எவ்வளவு பேருக்கு மனம் வரும்? என் சகாக்களில் பலருக்கு வரவில்லை. பிரிட்டனில் அலுவலகக் கார்களின் எரிபொருள் கணக்கைப் பார்க்கும் ஒரு நிறுவனம் 2018-இல் தன்னிடமிருந்த பிளக்-இன் ஹைப்ரிட்களின் கணக்கை வெளியிட்டது. விளம்பரப்படி காலனுக்கு (பிரிட்டனில் சுமார் நாலரை லிட்டர்) ஏறத்தாழ 130 மைல் தர வேண்டியவை, உண்மையில் 40 மைலை ஒட்டித்தான் கொடுத்திருந்தன. குத்தகை முடிந்து திரும்பிய சில கார்களில் சார்ஜ் கேபிள் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்ததாம்.

பின்னே எதற்கு அந்தக் காரை எடுத்தார்கள்? வரிக்காகத்தான். அலுவலகக் காரைச் சொந்த உபயோகத்துக்கும் வைத்துக்கொண்டால், அதன் விலையில் ஒரு பங்கை ஊழியரின் வருமானமாகக் கருதி இங்கே வரி போடுவார்கள். புகைக்குழாய் எவ்வளவு கரியமில வாயு கக்குகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு மாறும். 2014-இல் மிட்சுபிஷி அவுட்லேண்டரின் பிளக்-இன் மாடல் பிரிட்டனுக்கு வந்தபோது, அரசு மானியம் போக அதே காரின் டீசல் மாடல் விலையிலேயே கிடைத்தது. வரிக்கான பங்கும் 5 சதவீதம்தான். கணக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டம் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் போனார்கள். 2018 இறுதியில் பிளக்-இன் ஹைப்ரிட்களுக்கான மானியத்தை அரசு நிறுத்திவிட்டது.

அந்த வரி இன்றும் பெரிய கணக்குதான். 2025-26 நிதியாண்டில் மின்காருக்கு அந்தப் பங்கு 3 சதவீதம். மின்சாரத்தில் 40 முதல் 69 மைல் வரை ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு 9 சதவீதம். 40,000 பவுண்டு கார், 40 சதவீத வரி கட்டுகிறவர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மின்காருக்கு 480 பவுண்டு, பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு 1,440 பவுண்டு. 2028-29-இல் இவை முறையே 7 சதவீதமாகவும் 18 சதவீதமாகவும் உயரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அலுவலகம் வழியாகக் கார் எடுக்க வாய்ப்புள்ளவர்கள் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. மின்காரை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். மற்றவர்களுக்குத்தான் மீதிக் கணக்கு.

பிளக்-இன் ஹைப்ரிட்டோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு மட்டுமே தெரிந்த சில விசித்திரங்கள் உண்டு. பெட்ரோல் போட வேண்டுமென்றால் மூடியைத் திருகிவிட முடியாது. முதலில் டாஷ்போர்டில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். 'காத்திருக்கவும்' என்று திரையில் வரும். பின்பக்கம் புஸ்ஸென்று மெல்லிய சத்தம் கேட்கும். சில நொடி கழித்துத்தான் மூடி திறக்கும். சாதாரணக் காரில் டேங்கில் சேரும் பெட்ரோல் ஆவியை இன்ஜின் அவ்வப்போது உறிஞ்சி எரித்துவிடும். இதில் இன்ஜின் நாள்கணக்கில் ஓடாமலும் இருக்கலாம் என்பதால், ஆவி வெளியே போகாதபடி டேங்கை அழுத்தம் தாங்கும் வகையில் அடைத்துவைக்கிறார்கள். திறக்கும் முன் அந்த அழுத்தத்தை இறக்க வேண்டும். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் நான் ஏன் பெட்ரோல் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்கு முன் பக்தியோடு நிற்கிறேன் என்று பார்ப்பார்கள்.

குளிர்காலத்தில் இன்னொன்று. பேட்டரி நிறைந்திருக்கும், மின்சார ஓட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன், ஹீட்டரைப் போட்டதும் இன்ஜின் உறுமிக்கொண்டு எழும். எல்லாக் கார்களும் இப்படி இல்லை. ஆனால் உள்ளே சூடேற்ற இன்ஜினின் வெந்நீரையே நம்பியிருக்கும் மாடல்கள் பல உண்டு. பள்ளிக்கூடம் இரண்டு மைல்தான். இன்ஜின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடும். குளிர்ந்த இன்ஜினைக் குறுகிய தூரத்துக்கு எழுப்பி அணைப்பதைவிட எரிபொருளுக்குக் கேடான வேலை வேறில்லை. பழைய பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கப் போகிறவர்கள், ஹீட்டர் போட்டால் இன்ஜின் எழுகிறதா என்பதை ஒரு குளிர்காலைப் பொழுதில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

இனி மைலுக்கு என்ன செலவு என்று பார்ப்போம். 2025 கடைசியில் பிரிட்டனில் நிலவிய விலைகளை வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் லிட்டர் 135 பென்ஸ் அளவில் இருந்தது. வீட்டு மின்சாரம் சாதாரணக் கட்டணத்தில் யூனிட் 26 பென்ஸ் சுமார். மின்கார் வைத்திருப்பவர்களுக்கென்று சில மின் நிறுவனங்கள் நள்ளிரவுக்கு மேல் 7 முதல் 9 பென்ஸுக்குத் தந்தன. நெடுஞ்சாலையோர வேகச் சார்ஜரில் 75, 80 பென்ஸ். ஒரே யூனிட்டின் விலை இடத்தையும் நேரத்தையும் பொறுத்துப் பத்து மடங்குக்கு மேல் மாறுகிறது. பெட்ரோலில் இப்படி நடக்காது. லண்டனுக்குள்ளேயே ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் லிட்டருக்கு நாலைந்து பென்ஸ் வித்தியாசம் இருந்தாலே நாம் வாட்ஸப்பில் செய்தி அனுப்புகிறோம்.

ஹாரோவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்க இடம் இருக்கிறது. சுவரில் ஏழு கிலோவாட் சார்ஜர். பொருத்த ஆயிரம் பவுண்டுக்குப் பக்கத்தில் ஆனது. இப்படிப்பட்ட வீட்டில் ஆண்டுக்கு 8,000 மைல் ஓடும் மின்காரை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் செய்யும்போது வீணாவது போக, யூனிட்டுக்கு 3.3 மைல் என்று வைத்துக்கொள்வோம். 7,000 மைலுக்கு வீட்டில் இரவு மின்சாரம் 7 பென்ஸ் வீதம் போட்டால் 150 பவுண்டு. மீதி 1,000 மைலுக்கு வெளியூர்ப் பயணங்களில் நெடுஞ்சாலையில் போட்டால் 236 பவுண்டு! ஏழாயிரம் மைலுக்கு ஆன செலவைவிட ஆயிரம் மைலுக்கு அதிகம். மொத்தம் 390 பவுண்டுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனாலும் இந்த ஆயிரம் மைல், இரண்டாயிரம் மைல் ஆனால் என்ன ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே வீட்டில் பிளக்-இன் ஹைப்ரிட். ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறவர், 60 சதவீதம் மின்சாரத்தில் ஓட்டுகிறார் என்று தாராளமாகவே வைக்கிறேன். யூனிட்டுக்கு 2.7 மைல் வீதம் 4,800 மைல் மின்சாரத்துக்கு 125 பவுண்டு. மீதி 3,200 மைல் பெட்ரோலில். பேட்டரி காலியான பிளக்-இன் ஹைப்ரிட், தான் சுமக்கும் எடையினால் காலனுக்கு 40 மைலுக்கு மேல் தருவது அபூர்வம். மைலுக்கு 15 பென்ஸ் வீதம் 490 பவுண்டு. ஆக, 615 பவுண்டு. மின்காரைவிட 230 பவுண்டு கூடுதல். பெரிய தொகைதான், ஆனால் சொத்தை விற்கும் அளவுக்கு இல்லை.

எங்கள் குடும்பத்தோடு டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போவதை எடுத்துக்கொண்டால் இந்த 60 சதவீதம் எப்படிக் கரைகிறது என்று புரியும். ஹாரோவிலிருந்து பர்மிங்ஹாம் பக்கத்துக்கு நூறு மைலுக்கு மேல். பிளக்-இன் ஹைப்ரிட்டின் மின்சாரம் கோடையில் மில்டன் கீன்ஸ் வரை தாங்கும். குளிர்காலத்தில் லூட்டனிலேயே விடைபெற்றுவிடும். மோட்டார்வே வேகம் பேட்டரிக்குப் பிடிக்காது. போய் வர இருநூற்றிருபது மைல் என்றால், அதில் மின்சாரத்தின் பங்கு நாற்பது. வழியில் நிறுத்திச் சார்ஜ் போடலாமே என்றால், பெரும்பாலான பிளக்-இன் ஹைப்ரிட்களில் வேகச் சார்ஜருக்கான துளையே கிடையாது. போட முடிந்த மாடல்களிலும் போடுவது நஷ்டம்: 78 பென்ஸுக்கு ஒரு யூனிட் வாங்கினால் மைலுக்கு 28, 29 பென்ஸ் ஆகிறது. பெட்ரோலில் ஓட்டினால் அதில் பாதிதான்.

இனி ஈஸ்ட் ஹாமுக்கு வருவோம். என் அக்காவின் கணவர், அத்தான், அங்கே வரிசை வீடு ஒன்றில் இருக்கிறார். வாசற்படி இறங்கினால் நடைபாதை, அதைத் தாண்டினால் தெரு. கார் தெருவில்தான் நிற்கும்; அதுவும் தன் வீட்டுக்கு எதிரே நிற்க இடம் கிடைக்கும் நாள் நல்ல நாள். போன வருடம், நான் இப்போது வைத்திருக்கும் மின்காரில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதில் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறாய்?" என்று கேட்டார். என் கணக்கைச் சொன்னேன். மறுநாளே மூன்று மாடல்களின் விலைப்பட்டியலை அனுப்பிவிட்டார்.

அவருடைய கணக்கை அவர் வீட்டை வைத்துத்தான் போட வேண்டும். தெருவில் இரண்டு விளக்குக் கம்பங்களில் சார்ஜர் பொருத்தியிருக்கிறார்கள். கம்பத்தின் இடுப்பளவில் ஒரு சின்னத் துளை, பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். மின்காருக்கென்று ஒதுக்கிய இடம் கிடையாது. நான் போகும் நேரமெல்லாம் அந்தக் கம்பங்களுக்கு அருகே பெட்ரோல் வேன்தான் நிற்கிறது. அதில் தவறும் இல்லை, அது எல்லோருக்குமான தெரு. இடம் கிடைத்தாலும் அங்கே யூனிட் விலை 50 பென்ஸ் அளவு. வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம், பொதுச் சார்ஜரில் 20 சதவீதம். வாசலில் இடமுள்ள வீட்டுக்காரர் குறைந்த வரியில் குறைந்த விலை மின்சாரம் வாங்குகிறார். இடமில்லாதவர் கூடுதல் வரியோடு அதிக விலைக்கு வாங்குகிறார். பிரிட்டன் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வீட்டோடு கார் நிறுத்த இடமோ, ஏற்படுத்திக்கொள்ள வழியோ இல்லை. வசதி குறைந்தவரிடம் அதிகம் பிடுங்கும் இந்த ஏற்பாட்டை மாற்ற இத்தனை வருடம் எந்த நிதியமைச்சருக்கும் மனம் வரவில்லை என்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

அத்தானின் 8,000 மைலைக் கணக்கிட்டோம். மின்கார்: 7,000 மைல் கம்பத்தில், 1,000 மைல் நெடுஞ்சாலையில், சுமார் 1,300 பவுண்டு. பிளக்-இன் ஹைப்ரிட்: கம்பத்தில் போட்டால் மின்சார மைல் ஒன்றுக்கு 18, 19 பென்ஸ், பெட்ரோல் மைலோ 15. அதாவது செருகச் செருக நஷ்டம். செருகாமலே ஓட்டினால் 1,230 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. டொயோட்டா செய்வது போன்ற, செருகவே தேவையில்லாத சாதாரண ஹைப்ரிட், காலனுக்கு 55 மைல் என்று வைத்தால்: 890 பவுண்டு.

அத்தான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியென்றால் இந்தப் பிளக்-இன் யாருக்குத்தான் லாபம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வீட்டு வாசலில் சார்ஜர் இருந்து, தினமும் தவறாமல் செருகி, பெரும்பாலும் உள்ளூரிலேயே ஓட்டுகிறவருக்கு லாபம். ஆனால் அந்த ஆளுக்கு மின்கார் வாங்குவதற்கான தகுதிகள் அத்தனையும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர் இன்ஜினைச் சுமப்பது வருடத்தில் சில பயணங்களுக்காக. மின்கார் வைத்துக்கொள்ள வழியில்லாதவருக்கோ பிளக்-இன் ஹைப்ரிட்டும் உதவாது. 'மின்காருக்குப் போகப் பயமாக இருக்கிறது, நடுவில் ஒரு படியாக இதை வாங்குகிறேன்' என்று சொல்லும் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். கேரவன் இழுப்பவர்கள், வாரம் தவறாமல் ஸ்காட்லாந்தின் உள்மூலைகளுக்குப் போகிறவர்கள் போன்றோர் விதிவிலக்கு. நம்மவர்களில் கேரவன் இழுப்பவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு நேரம் பெட்ரோலையும் மின்சாரத்தையும் பென்ஸ் பென்ஸாக எண்ணினோம். கார் வைத்திருப்பதில் பெரிய செலவு அது இல்லை. மதிப்பிழப்புதான். 40,000 பவுண்டுக்கு வாங்கிய புது மின்கார் மூன்று வருடத்தில் 18,000-க்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகை இல்லை, மூன்று வருடத்தில் பாதிக்கு மேல் இழந்த மின்கார்கள் இங்கே ஏராளம். 24,000 மைலில் 22,000 பவுண்டு. மைலுக்கு 92 பென்ஸ். மின்சாரத்தில் மிச்சம் பிடித்த பத்துப் பன்னிரண்டு பென்ஸ் இதில் எந்த மூலைக்கு? பிளக்-இன் ஹைப்ரிட் 38,000-க்கு வாங்கி 20,000-க்கு விற்றால் மைலுக்கு 75 பென்ஸ். இந்த ஒரு வரியிலேயே முந்தைய கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடுகிறது.

பழைய மின்கார் விலை 2022-இல் உச்சத்தில் இருந்தது. புதுக் கார் கிடைக்காத காலம் அது. 2023 ஜனவரியில் டெஸ்லா புதுக் கார்களின் விலையைக் குறைத்ததும் பழைய கார்ச் சந்தை ஆட்டம் கண்டது. பிறகு அலுவலகக் குத்தகை முடிந்து வந்த மின்கார்கள் சந்தையில் குவிந்தன. அரசும் தன் பங்குக்கு, 2025 ஜூலையில் 37,000 பவுண்டுக்குக் கீழான புது மின்கார்களுக்கு 3,750 பவுண்டு வரை மானியம் அறிவித்தது. புதுக் காரின் விலை குறைந்தால் பழைய காரின் விலையும் இறங்கத்தானே செய்யும்.

முதலில் வாங்கியவரின் வயிற்றெரிச்சல் இரண்டாவதாக வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம். என்னுடைய மின்கார் மூன்று வயதில் என்னிடம் வந்தது, புது விலையில் பாதிகூட இல்லை. ஆகவே ஹாரோ வீட்டுக் கணக்கு பழைய கார் வாங்குகிறவருக்கு அப்படியே பொருந்தும். புதுக் காரைக் கைக்காசு போட்டு வாங்குகிறவருக்குப் பொருந்தாது. புதுக் கார்தான் வேண்டும் என்பவர் சொந்தமாக வாங்காமல் குத்தகைக்கு எடுத்தால், அந்த மதிப்பிழப்பு எவ்வளவு என்ற பயத்தையாவது குத்தகை நிறுவனத்தின் தலையில் கட்டிவிடலாம்.

பேட்டரி செத்துவிட்டால் என்ன செய்வது என்று உறவினர்கள் கேட்பார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மின்கார் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழ் போகாது என்று உத்தரவாதம் தருகின்றன. கேள்வி கேட்க வேண்டியது பிளக்-இன் ஹைப்ரிட்டின் பேட்டரியைப் பற்றி. 30 மைல் தரும் சின்னப் பேட்டரியில் வருடம் 4,800 மைல் ஓட்டினால் அது 160 முறை முழுதாகக் காலியாகி நிரம்புகிறது. 200 மைல் தரும் பெரிய பேட்டரி 8,000 மைலுக்கு 40 முறைதான். அதிகம் உழைப்பது சின்னதுதான், ஆனால் மேடையில் பேசப்படுவதெல்லாம் பெரியதைப் பற்றி.

சர்வீஸ் செலவில் மின்கார் ஜெயிக்கிறது: எண்ணெய் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, பெல்ட் இல்லை. பிளக்-இன் ஹைப்ரிட்டில் இவையெல்லாம் உண்டு, மின்காரின் பாகங்களும் உண்டு. காப்பீடு மின்காருக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. டயர் இரண்டிலும் எடையால் சீக்கிரம் தேய்கிறது. லண்டன் நடுநகரத்தில் வண்டி ஓட்டக் கட்டும் நெரிசல் கட்டணத்தில் பிளக்-இன் ஹைப்ரிட்களுக்கு இருந்த விலக்கு 2021 அக்டோபரிலேயே போய்விட்டது. மின்கார்களின் முழு விலக்கும் 2025 கிறிஸ்துமஸோடு முடிந்தது. 2026 ஜனவரியிலிருந்து ஒரு நாளுக்கு 18 பவுண்டு. தானாகப் பணம் எடுக்கும் திட்டத்தில் பதிந்த மின்கார்களுக்கு அதில் கால்பங்கு தள்ளுபடி. டியூப் ரயிலில் போவதே நல்லது.

சலுகைகள் இப்படி ஒவ்வொன்றாக உதிர்வதற்குக் காரணம் எளியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 53 பென்ஸ் எரிபொருள் தீர்வை. அதற்கு மேல் மதிப்புக்கூட்டு வரி. பெட்ரோல் விற்பனை குறையக் குறைய கஜானாவில் ஓட்டை விழும். 2025 ஏப்ரல் முதல் மின்கார்களும் சாலை வரி கட்டுகின்றன, இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டுவது 2025-26-இல் 195 பவுண்டாக இருந்தது. அடுத்து 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் மைல் வரியை அறிவித்தார்: 2028 ஏப்ரல் முதல் மின்காருக்கு மைலுக்கு 3 பென்ஸ், பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு ஒன்றரை பென்ஸ். பிளக்-இன் ஹைப்ரிட்காரர் பெட்ரோல் போடும்போதே தீர்வை கட்டிவிடுகிறார், ஆகவே பாதி என்பது வாதம்.

8,000 மைலுக்கு மின்காருக்கு 240 பவுண்டு, பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு 120. ஹாரோ வீட்டில் இரண்டுக்கும் இடையே இருந்த 230 பவுண்டு வித்தியாசம் 110 ஆகச் சுருங்குகிறது. ஈஸ்ட் ஹாமில் 1,300 என்று இருந்த மின்கார்ச் செலவு 1,540 ஆகிறது. ஏற்கெனவே வாங்கக் கூடாத இடத்தில், இன்னும் வாங்கக் கூடாததாகிறது. ஒருநாள் இந்த வரி வரும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். சாலை போட யாராவது காசு கட்டத்தான் வேண்டும். ஆனால் கம்பத்தில் 20 சதவீத வரி கட்டிச் சார்ஜ் போடுகிறவரும், வாசலில் 5 சதவீதத்தில் போடுகிறவரும் மைலுக்கு ஒரே 3 பென்ஸ் கட்ட வேண்டும் என்பதில் கொஞ்சம் யோசனை செலவழித்திருக்கலாம்.

வீட்டிலிருந்து நடைபாதையின் குறுக்கே சின்ன வாய்க்கால் வெட்டி, கேபிளை அதில் புதைத்துத் தெருவில் நிற்கும் காருக்குக் கொண்டுபோகச் சில உள்ளாட்சிகள் அனுமதிக்கின்றன. அத்தானுக்கு இதை விளக்கினேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அவர் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி நின்றது. அவருடைய வண்டி நாலு வீடு தள்ளி நின்றது. "வாய்க்காலை எந்தத் திசையில் வெட்டச் சொல்கிறாய்?" என்றார்.

கடைசியில் அவர் ஐந்து வயதான சாதாரண ஹைப்ரிட் ஒன்றை வாங்கிவிட்டார். காலனுக்கு 58 மைல் தருகிறது என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திரையை எட்டிப் பார்த்தேன், 54 என்று காட்டியது. அக்கா முன்னால் அதைச் சொல்லவில்லை.